லீட்ஸ் யுனைடெட்: விற்காத டிக்கெட்டின் மேல் வாங்கிய கடன்

2001 மே மாதம் லீட்ஸ் யுனைடெட் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ஆடிக்கொண்டிருந்தது. 2004 மே மாதம் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கிலிருந்தே வெளியே தள்ளப்பட்டது. 2007 மே மாதம் மூன்றாம் நிலைக்கு இறங்கியது. 1919இல் தொடங்கிய அந்தக் கால்பந்து கிளப் அதற்கு முன் அவ்வளவு கீழே போனதே இல்லை. ஆறே ஆண்டுகளில் இந்தச் சரிவு எப்படி நடந்தது, யாரால் நடந்தது என்ற வாதம் அந்த நகரத்தில் இன்றுவரை ஓயவில்லை. ஒரு தலைமுறை ரசிகர்கள் அதைப் பேசிப் பேசியே வளர்ந்திருக்கிறார்கள்.

எந்த இடத்தில் முடித்தாலும் அடுத்த ஆண்டும் அதே தொடரில் ஆடலாம் என்ற உத்தரவாதம் இங்கிலாந்துக் கால்பந்தில் கிடையாது. உச்சியில் 20 அணிகள் கொண்ட பிரீமியர் லீக். அதன் கீழே 24 அணிகள் வீதம் மூன்று பிரிவுகள்: சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ. ஒவ்வோர் ஆண்டும் பிரீமியர் லீக்கின் கடைசி மூன்று அணிகள் ஒரு படி கீழே இறக்கப்படும். கீழிருந்து மூன்று அணிகள் மேலே வரும். இந்தத் தரமிறக்கத்தில் போவது கௌரவம் மட்டுமல்ல. தொலைக்காட்சி உரிமைப் பணத்தின் பெரும்பங்கு உச்சியில் இருப்பவர்களுக்கே போகிறது. இறங்கிய கிளப்புக்குச் சில ஆண்டுகள் ஓர் ஆதரவுத் தொகை கிடைக்கும், அவ்வளவுதான். வருமானம் ஒரே கோடையில் சரிந்துவிடும். வீரர்களுக்கு எழுதிக் கொடுத்த சம்பளமோ ஒப்பந்தம் முடியும்வரை அப்படியே நிற்கும்.

லீட்ஸ் வட இங்கிலாந்தின் யார்க்ஷர் பகுதியில் கம்பளி ஆலைகளால் வளர்ந்த நகரம். லண்டன், மான்செஸ்டர், லிவர்பூல் போல அங்கே ஒன்றுக்கொன்று எதிரான பெரிய கிளப்புகள் இல்லை. நகரம் முழுவதற்கும் ஒரே கிளப், எல்லண்ட் ரோடு என்ற ஒரே மைதானம். அதனால் கிளப்பின் வீழ்ச்சி பாதி ஊரின் துக்கமாகவும் மீதி ஊரின் கேலியாகவும் பிரியவில்லை. எல்லாருக்கும் அது வீட்டு விவகாரம். 1961 முதல் 1974 வரை மேலாளராக இருந்த டான் ரெவி, ரியல் மாட்ரிட்டைப் பார்த்து அணிக்கு முழு வெள்ளைச் சீருடை கொடுத்தார். 1969இலும் 1974இலும் லீக் பட்டத்தையும், 1972இல் எஃப்.ஏ. கோப்பையையும் வென்று தந்தார். பிறகு அணி இறங்கி, எட்டு ஆண்டுகள் இரண்டாம் நிலையில் கிடந்து, 1990இல் ஏறி, ஹோவர்ட் வில்கின்சன் தலைமையில் 1992இல் மீண்டும் லீக் பட்டம் வென்றது. பிரீமியர் லீக் பிறப்பதற்கு முந்தைய கடைசி பட்டம் அதுதான். ஏற்றமும் இறக்கமும் இந்த ரசிகர்களுக்குப் புதிதல்ல. 2004இல் நடந்தது அதுவரை பார்த்த இறக்கங்களைப் போல இல்லை என்பதால்தான் வாதம் இவ்வளவு நீண்டது.

சரிவின் கதை ஒரு நல்ல காலத்தில் தொடங்குகிறது. 1997இல் கிளப்பின் தலைவரான பீட்டர் ரிட்ஸ்டேல் லீட்ஸில் பிறந்து வளர்ந்தவர், சிறுவயது முதல் அதே அணியின் ரசிகர். 1998 அக்டோபரில் டேவிட் ஓ'லியரி மேலாளரானார். அவர் கைக்கு வந்தது, கிளப்பின் சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்து 1997இல் இளைஞர் கோப்பையை வென்றிருந்த ஒரு பட்டாளம்: ஹாரி கியூவெல், ஜொனதன் வுட்கேட், பால் ராபின்சன் போன்றவர்கள். உள்ளூர்ப் பையன் ஆலன் ஸ்மித்தும் சீக்கிரமே சேர்ந்துகொண்டான். பயமறியாத இந்த இளம் அணி 1999–2000 சீசனில் பிரீமியர் லீக்கில் மூன்றாவதாக வந்தது. அதே ஆண்டு யு.இ.எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிக்காக இஸ்தான்புல் சென்றபோது, ஆட்டத்துக்கு முந்தைய நாள் இரவு, 2000 ஏப்ரல் 5 அன்று, இரண்டு லீட்ஸ் ரசிகர்கள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். கிளப்புக்கும் ரசிகர்களுக்கும் இடையிலான பிணைப்பை அந்தத் துயரம் இறுக்கியது. பின்னால் நிர்வாகத்தின் மீது வந்த கோபத்தின் ஆழம் புரிய வேண்டுமானால் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாம் இடம் சாம்பியன்ஸ் லீக்குக்கு வழி திறந்தது. பணமும் கொட்டியது, செலவும் கொட்டியது. 2000 நவம்பரில் ரியோ ஃபெர்டினாண்டை வெஸ்ட் ஹாமிடமிருந்து 1.8 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். அன்றைக்குப் பிரிட்டனில் எந்த வீரருக்கும் அவ்வளவு விலை கொடுக்கப்பட்டதில்லை. மார்க் விதுகா, ஒலிவியே டாகூர், 1.2 கோடி பவுண்டுக்கு ராபி கீன் என்று பட்டியல் நீண்டது. 2001 இறுதியில் 1.1 கோடிக்கு ராபி ஃபவ்லரும் வந்தார். ஓ'லியரி காலத்தில் வீரர்களை வாங்கச் செலவானது கிட்டத்தட்ட 10 கோடி பவுண்டு. மைதானத்தில் அதற்குப் பலன் இருந்தது. மிலானிலும் ரோமிலும் தலைநிமிர்ந்து ஆடிய அணி, காலிறுதியில் டிபோர்டிவோ லா கொருன்யாவை வீழ்த்தி அரையிறுதிக்குப் போனது. அங்கே வலென்சியாவிடம் சொந்த ஊரில் 0–0, அவர்கள் ஊரில் 0–3.

லீட்ஸ் ரசிகர்களின் வாதத்தில் அடிக்கடி வரும் எண் ஒன்று இருக்கிறது: ஒரே ஒரு புள்ளி. அந்த 2000–01 சீசனில் லிவர்பூல் 69 புள்ளிகளோடு மூன்றாம் இடம், லீட்ஸ் 68 புள்ளிகளோடு நான்காம் இடம். அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக்குக்கு இங்கிலாந்திலிருந்து மூன்று அணிகளுக்குத்தான் இடம். வலென்சியாவுடன் ஆடிய இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் லண்டனில் அர்செனலிடம் 1–2 என்று தோற்றது பலர் நெஞ்சில் முள்ளாக இன்னும் இருக்கிறது. கடைசி நாளில் லீட்ஸ் லெஸ்டரை வென்றது. லிவர்பூலும் சார்ல்டனில் 4–0 என்று வென்றதால் பயனில்லாமல் போனது. அந்த ஒரு புள்ளி கிடைத்திருந்தால் எல்லாமே வேறாக இருந்திருக்கும் என்கிறது ஒரு தரப்பு. ஒரு புள்ளி தவறினால் இடிந்து விழும் கட்டடத்தை யார் கட்டச் சொன்னது என்று திருப்பிக் கேட்கிறது இன்னொரு தரப்பு. இந்த இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

கால்பந்து கிளப்பின் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் அதன் கனம் விளங்கும். ஒரு வீரரை 1 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், அந்த விலையைக் கணக்கேட்டில் ஆண்டுக்கு 20 லட்சம் வீதம் பிரித்து எழுதுவார்கள். அந்த ஆண்டுக் கணக்கைப் பார்ப்பவருக்குச் செலவு சிறியதாகத் தெரியும். வாங்கிய கடனோ முழுதாக நிற்கும். ஒப்பந்தம் முடிந்தால் வீரர் இலவசமாகப் போய்விடலாம். அதாவது கிளப்பின் மிகப் பெரிய சொத்து, நாளாக நாளாகக் கரையும் சொத்து. அதுவும் காயம் பட்டால், ஆட்டம் மங்கினால், சந்தை விழுந்தால் ஒரே இரவில் கரையும்.

லீட்ஸ் இதற்கு மேலும் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தது. ஒன்று, வீரரின் விலையை ஒரு நிதி நிறுவனம் கட்ட, கிளப் அதைத் தவணையாகத் திருப்பிச் செலுத்துவது. கையில் பணம் இல்லாமலே பெரிய பெயர்கள் வந்து இறங்கின. இரண்டாவது இன்னும் பெரியது. 2001இல் பெரிய நிதி நிறுவனங்களிடமிருந்து கிளப் 6 கோடி பவுண்டு கடன் வாங்கியது. திருப்பித் தர 25 ஆண்டுகள். அதற்கு வைத்த ஈடு, எல்லண்ட் ரோடில் வருங்காலத்தில் விற்கப்போகும் டிக்கெட்டுகளின் வருமானம். வயலில் நிற்கிற பயிரைக்கூட அல்ல, இனி 25 ஆண்டுகளுக்கு விதைக்கப்போகும் பயிர் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடகு வைத்ததைப் போல.

கடன் கொடுத்தவர்கள் ஏமாளிகள் அல்ல. அவர்கள் நம்பியது ஃபெர்டினாண்டின் காலை அல்ல, கோல் கணக்கையும் அல்ல. மழையோ வெயிலோ, வெற்றியோ தோல்வியோ, இந்த ஊர்க்காரர்கள் சீசன் டிக்கெட் எடுப்பார்கள் என்பதை நம்பினார்கள். அப்பாவுக்குப் பின் மகன் அதே இருக்கையில் வந்து உட்காருவான் என்பதுதான் அந்தப் பத்திரத்தின் மதிப்பு. ரசிகர்களின் விசுவாசமே பிணையாக வைக்கப்பட்டது, அவர்களைக் கேட்காமல். லீட்ஸ் வீழ்ச்சியைப் பற்றிய வாதங்களில் எத்தனையோ பேர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறார்கள். இந்த ஒரு விஷயத்துக்குத்தான் அங்கே கிடைக்க வேண்டிய இடம் கிடைக்கவில்லை.

கணக்கு எப்போது தவறியது? 2002 புத்தாண்டு நாளில் வெஸ்ட் ஹாமை 3–0 என்று வென்று லீட்ஸ் பிரீமியர் லீக்கின் முதலிடத்தில் இருந்தது. ஐந்து நாள் கழித்து எஃப்.ஏ. கோப்பையில், கீழ்ப்பிரிவு அணியான கார்டிஃப் சிட்டியிடம் தோற்றது. அதன் பிறகு அணி பழைய நடைக்குத் திரும்பவே இல்லை. சீசன் ஐந்தாம் இடத்தில் முடிந்தது. இரண்டாம் முறையாகச் சாம்பியன்ஸ் லீக் தவறியது. ஜூனில் ஓ'லியரி நீக்கப்பட்டார், டெர்ரி வெனபிள்ஸ் வந்தார். வட்டியும் தவணையும் கேட்க ஆட்கள் வாசலில் நின்றார்கள். ஜூலையில் ஃபெர்டினாண்ட் சுமார் 3 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டார், அதுவும் லீட்ஸ் ரசிகர்கள் பரம எதிரியாகக் கருதும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு.

அந்த ஒரு விற்பனைதான் லாபம். அதன் பிறகு நடந்ததெல்லாம் எரிகிற வீட்டில் பிடுங்கியவர்களுக்குத்தான் லாபம். 1.2 கோடிக்கு வாங்கிய ராபி கீன் 70 லட்சத்துக்குப் போனார். கால்பந்து சந்தையே அப்போது சுருங்கியிருந்தது; கீழ்நிலை லீக்குகளுக்குப் பணம் கொடுத்துவந்த ஐ.டி.வி. டிஜிட்டல் தொலைக்காட்சி 2002இல் மூழ்கியது. அதே 2002–03 சீசனில்தான் இங்கிலாந்தில் வீரர் பரிமாற்றக் கெடு அமலுக்கு வந்தது. கோடையிலும் ஜனவரியிலும் மட்டுமே வாங்கவும் விற்கவும் முடியும் என்ற விதி, அவசரப்படும் விற்பனையாளரின் கையை முறுக்கிப் பிடிக்கும் விதி. லீட்ஸுக்குப் பணம் வேண்டும், ஜனவரி 31க்குள் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஃபவ்லர் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார், ஆனால் அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியை லீட்ஸே தொடர்ந்து கட்ட வேண்டியிருந்தது. லீ பவ்யர் வெஸ்ட் ஹாமுக்கும், வுட்கேட் நியூகாசிலுக்கும் போனார்கள். வுட்கேட்டின் விற்பனையை விளக்க வெனபிள்ஸை அருகில் வைத்துக்கொண்டு ரிட்ஸ்டேல் செய்தியாளர்களைச் சந்தித்தார். அவ்வளவு செலவு செய்திருக்கக் கூடாதுதான், ஆனாலும் ஒரு கனவை வாழ்ந்து பார்த்தோம் என்ற பொருளில் அவர் சொன்னது, அவர் வாழ்நாள் முழுவதும் அவரைத் துரத்தும் வாசகமாயிற்று.

மார்ச்சில் வெனபிள்ஸும் போனார், ரிட்ஸ்டேலும் போனார். புதிய மேலாளர் பீட்டர் ரீட் 2003 மே மாதம் அர்செனலை அவர்கள் மைதானத்திலேயே 3–2 என்று வென்று அணியைத் தரமிறக்கத்திலிருந்து காப்பாற்றினார். அந்தச் சீசனின் கணக்கு வெளியானபோது நஷ்டம் 4.95 கோடி பவுண்டு. அதுவரை எந்த ஆங்கிலக் கிளப்பும் ஓராண்டில் அவ்வளவு இழந்ததில்லை. புதிய தலைவராக வந்த பொருளாதாரப் பேராசிரியர் ஜான் மெக்கென்சி செலவுகளைத் தோண்டினார். தலைவர் அறையின் தொட்டியில் நீந்திய தங்கமீன்களுக்கு மாத வாடகை கட்டிவந்தது தெரிந்தது. தொகை மாதம் சுமார் 20 பவுண்டுதான். ஆனால் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. இன்றும் லீட்ஸ் பெயரைச் சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மீன்கள்தான். 6 கோடி பவுண்டு கடன் பத்திரத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கும் 20 பவுண்டு மீன்களைப் பற்றித் தெரியும். பொதுவிவாதம் எங்கே தடம் மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

2003–04 சீசன் இழுபறியாகக்கூட இல்லை. கியூவெல் லிவர்பூலுக்குப் போய்விட்டார். பிரேசிலுக்காக உலகக் கோப்பை வென்ற ரோக் ஜூனியர் உட்பட, வேறு கிளப்புகளிலிருந்து கடனாக வந்த வீரர்கள் ஒட்டவில்லை. நவம்பரில் ரீட் நீக்கப்பட்டு, ரெவி காலத்து வீரர் எடி கிரே பொறுப்பேற்றார். ஜனவரியில் கிளப் மூழ்காமலிருக்க வீரர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தள்ளிப்போட ஒப்புக்கொண்டார்கள். கடன் 10 கோடியைத் தாண்டியிருந்தது. மார்ச்சில் உள்ளூர்த் தொழிலதிபர்கள் குழு ஒன்று கிளப்பை வாங்கியது. மே 2 அன்று போல்டனில் விதுகா பெனால்டியில் கோல் அடித்து முன்னிலை தந்தார். சில நிமிடங்களில் அவரே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். ஆட்டம் 4–1 என்று போல்டனுக்குப் போனது. லீட்ஸின் கதை நடைமுறையில் அங்கேயே முடிந்தது. சீசன் முழுவதும் வாங்கிய கோல்கள் 79. எல்லண்ட் ரோடில் நடந்த கடைசி ஆட்டத்துக்குப் பின் ரசிகர்கள் ஆலன் ஸ்மித்தைத் தோளில் தூக்கிச் சுமந்தார்கள். சில வாரங்களில் அவரும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார்.

இனி வாதங்கள். லீட்ஸ் ரசிகர்களிடம் முதலில் அடிபடும் பெயர் ரிட்ஸ்டேல். அவர் தலைவர், கையெழுத்து அவருடையது, வாக்குறுதிகளும் அவருடையவை. கேட்டதைவிட அதிகச் சம்பளம் அள்ளிக் கொடுக்கப்பட்டது என்ற கதைகள் பல உலவுகின்றன. அவற்றில் சில உறுதிப்படாதவை. ஆனால் கிளப்பின் வருமானத்தில் பெரும்பகுதியைச் சம்பளமே விழுங்கியது என்பதில் ஐயமில்லை. முடிவுகளை இயக்குநர் குழு முழுவதும் சேர்ந்தே எடுத்தது, பழியை மட்டும் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது ரிட்ஸ்டேலின் பதில். அதில் உண்மை இருக்கிறது. கிளப் அப்போது லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் சொத்து. தணிக்கை நடந்தது, குழு கூடியது, ஆண்டறிக்கை அச்சானது. இவ்வளவு கண்கள் பார்த்திருக்க ஒருவர் மட்டும் தனியாகக் கிளப்பை மூழ்கடித்தார் என்று சொல்வது மற்ற எல்லாரையும் எளிதாகத் தப்பவிடுவது. ஆனாலும் ரசிகராக இருந்தவர் என்பது அவருக்கான சமாதானம் ஆகாது. ரசிகருக்கு ஆசைப்பட உரிமை உண்டு. தலைவரின் வேலை, அந்த ஆசைக்கு நடுவில் நின்று கணக்குப் பார்ப்பது.

ஓ'லியரியைக் குற்றம் சொல்பவர்களின் வாதம் வேறு. கிளப்பிலேயே வளர்ந்த இளைஞர்களைக் கொண்டு மூன்றாம் இடம் பிடித்தவருக்கு, 10 கோடி செலவழித்தும் அதற்கு மேலே போக முடியவில்லை என்கிறார்கள். முன்கள வீரர்கள் ஏற்கெனவே நெரிசலாக இருக்க ஃபவ்லரை ஏன் வாங்கினார் என்று கேட்கிறார்கள். நகர மையத்தில் ஒரு மாணவர் தாக்கப்பட்ட வழக்கின் மறுவிசாரணையில் இரண்டு லீட்ஸ் வீரர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். ஒருவர் விடுதலையானார், மற்றவர் பொது அமைதியைக் குலைத்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். வழக்கு முடிந்த கையோடு, அதைப் பற்றிய தலைப்போடு ஓ'லியரியின் புத்தகம் வந்தது. வீரர்களின் நம்பிக்கையை அவர் இழந்தது அப்போதுதான் என்று பலர் சொல்கிறார்கள். 2002 ஜனவரிக்குப் பிறகு அணி தடுமாறியதை இது ஓரளவு விளக்கும். ஆனால் ஐந்தாம் இடத்தில் முடித்த மேலாளரால் ஒரு கிளப் திவாலாகாது. ஐந்தாம் இடம் திவாலுக்கு இட்டுச் செல்லும்படி யாரோ கணக்கை அமைத்திருந்தால்தான் அது நடக்கும்.

விற்ற முறையே தவறு என்பது மூன்றாவது தரப்பு. வயதான, சம்பளம் அதிகமான வீரர்களை முதலில் விற்று, தடுப்பாட்டத்தின் தூண்களை வைத்திருந்தால் தரமிறக்கத்தையாவது தவிர்த்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சந்தை அப்படி இயங்குவதில்லை. யாருக்கு மதிப்பிருக்கிறதோ அவரைத்தான் யாரும் கேட்டு வருவார்கள். சம்பளம் அதிகமாகவும் ஆட்டம் குறைவாகவும் உள்ள வீரரை வாங்க ஆள் இல்லை. அவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை விட்டுப் போக மாட்டார், போக வேண்டிய கட்டாயமும் இல்லை. கடன் முற்றிய கிளப் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விற்க முடியாது. நடப்பது நேர்மாறு. 2002 டிசம்பரில் 16 வயதில் கோல் அடித்து பிரீமியர் லீக்கின் மிக இளைய கோலடிப்பவரானார் ஜேம்ஸ் மில்னர். லீட்ஸில் பிறந்த, லீட்ஸ் ரசிகர் குடும்பத்துப் பையன். 2004இல் அவரும் நியூகாசிலுக்கு விற்கப்பட்டார்.

ரசிகர்கள் தங்களைத் தாங்களே விசாரிக்கும் வாதமும் உண்டு. ஃபெர்டினாண்ட் வந்தபோது கைதட்டாதவர் யார்? 2001இல் எல்லண்ட் ரோடை விட்டு 50,000 இருக்கைகள் கொண்ட புதிய மைதானத்துக்குப் போகலாமா என்று கேட்டபோது பெரும்பான்மையோர் ஆதரித்தார்களே? இந்தக் குற்றவுணர்வு நேர்மையானது, ஆனால் தேவையற்றது. கைதட்டியவர்களிடம் கடன் பத்திரத்தை யாரும் காட்டவில்லை. நுழைவுச்சீட்டு வாங்குகிறவர் தரக் கடமைப்பட்டது அந்தச் சீட்டின் விலை மட்டுமே. இந்த ரசிகர்கள் அதற்கு மேலும் தந்தார்கள்.

எவ்வளவு தந்தார்கள் என்பது அடுத்த மூன்று ஆண்டுகளில் தெரிந்தது. புதிய உரிமையாளர்கள் கடனை ஓரளவு குறைத்தார்கள், ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. 2004 முடிவதற்குள் தோர்ப் ஆர்ச் பயிற்சி மைதானமும் எல்லண்ட் ரோடும் விற்கப்பட்டன. சொந்த வீட்டில் கிளப் வாடகைக்குக் குடியிருந்தது. 2005 ஜனவரியில் கென் பேட்ஸ் கிளப்பை எடுத்துக்கொண்டார். 2006 மே மாதம் மேலேறும் தகுதிக்கான இறுதி ஆட்டத்தில் வாட்ஃபோர்டிடம் 0–3 தோல்வி; ஓராண்டு கழித்து அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. இப்ஸ்விச்சுடன் 1–1 என்று முடிந்த ஆட்டத்தோடு இறக்கம் ஏறக்குறைய உறுதியானதும், 2007 மே 4 அன்று கிளப் திவால் நிர்வாகத்துக்குள் போனது. அப்படிப் போகும் கிளப்புக்கு 10 புள்ளிகள் குறைக்கப்படும் என்பது அப்போதைய விதி. அணி எப்படியும் இறங்கப்போகிற சீசனில் அந்தத் தண்டனையை வாங்கிக்கொண்டால் அடுத்த ஆண்டு பாதிக்காது என்ற கணக்கு பலர் கண்ணை உறுத்தியது. ஆனால் வரித்துறையோடு எழுந்த தகராறால் கடன்காரர்களுடன் உரிய ஒப்பந்தம் முடியாமலே கிளப் கைமாறியது. அதற்காக லீக் நிர்வாகம் அடுத்த சீசனின் தொடக்கத்திலேயே 15 புள்ளிகளைக் குறைத்தது.

இந்தத் திவாலில் கால்பந்து உலகுக்கே உரிய ஓர் அநீதி வெளிப்பட்டது. விதிப்படி மற்ற கிளப்புகளுக்கும் வீரர்களுக்கும் உள்ள பாக்கி முழுமையாகக் கொடுக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்கு மிச்சம் இருப்பதில் பங்கு. லீட்ஸ் விஷயத்தில் முதலில் முன்வைக்கப்பட்டது 1 பவுண்டு பாக்கிக்கு 1 பென்னி. மைதானத்தில் மயங்கி விழும் ரசிகருக்கு முதலுதவி செய்யும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்புக்கும் கிளப் ஒரு சிறு தொகை பாக்கி வைத்திருந்தது. அதுவும் இந்த வரிசையில்தான் நின்றது. கோடிகளில் சம்பளம் வாங்கியவருக்கு முழுப் பணம், தூக்குப் படுக்கையோடு ஓடி வருகிறவருக்குச் சில்லறை. லீட்ஸ் ரசிகர்களில் பலர் வீழ்ச்சியை வெட்கமாக உணர்ந்தது ஆட்டத்தில் தோற்றபோது அல்ல, இதைப் படித்தபோது.

மூன்றாம் நிலையில் ஆடிய 2007–08 சீசனில் எல்லண்ட் ரோடுக்கு வந்தவர்கள் சராசரியாக 26,000க்கு மேல். கடன் கொடுத்தவர்கள் 2001இல் போட்ட கணக்கு சரிதான்: இந்த ஊர்க்காரர்கள் வருவார்கள். வந்தவர்களின் பேச்சும் மெல்ல மாறியது. யார் செய்தார் என்ற கேள்வியிலிருந்து, யாருடையது என்ற கேள்விக்கு நகர்ந்தது. கிளப்பின் பங்குகள் வெளிநாட்டில் பதிவான நிறுவனங்களின் கையில் இருந்தன. அவற்றின் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பல ஆண்டுகள் பொதுமக்களுக்குச் சொல்லப்படவில்லை. தங்கள் கிளப்பின் முதலாளி யார் என்று தெரியாமலே ரசிகர்கள் சீசன் டிக்கெட் வாங்கினார்கள். ஆதரவாளர் சங்கம் இதைக் கேட்டுப் போராடியது. 2011இல் கால்பந்து நிர்வாகம் பற்றி விசாரித்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு லீட்ஸின் உடைமையைக் குறிப்பாகக் கேள்விக்குள்ளாக்கியது. அந்த ஆண்டு மே மாதத்தில்தான் பங்குகளைத் தாமே வாங்கிவிட்டதாக பேட்ஸ் அறிவித்தார்.

அணி 2010இல் இரண்டாம் நிலைக்கு ஏறியது. அதன் பிறகும் கைமாறல்கள்: 2012இல் ஜி.எஃப்.எச். கேபிடல், 2014இல் மாசிமோ செல்லினோ, 2017இல் ஆண்ட்ரியா ரட்ரிஸ்ஸானி. ரட்ரிஸ்ஸானி வந்த ஆண்டே எல்லண்ட் ரோடு மீண்டும் கிளப்பின் கைக்கு வந்தது. 2018இல் மேலாளராக வந்த அர்ஜென்டினாக்காரர் மார்செலோ பியெல்சா, 2020 ஜூலையில் லீட்ஸை பிரீமியர் லீக்குக்குத் திரும்பக் கொண்டுபோனார். போய்ச் சேர 16 ஆண்டுகள் ஆனது. பெருந்தொற்றுக் காலம் என்பதால் அந்த நாளில் மைதானத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. 2023இல் மறுபடி இறங்கி, 2025இல் 100 புள்ளிகளோடு மறுபடி ஏறியது. 2023 இறக்கத்தைப் பற்றியும் வாதம் உண்டு: பியெல்சாவை 2022 பிப்ரவரியில் நீக்கியது சரியா, அவருக்குப் பின் வாங்கிய வீரர்கள் சரியா என்று. ஆனால் அது கால்பந்து பற்றிய வாதம். கிளப் பிழைக்குமா என்ற பயம் அதில் இல்லை.

இங்கிலாந்தில் மற்ற ஊர்களும் இதே பாடத்தை வேறு வேறு விலை கொடுத்துப் படித்தன. 2019இல் பரி கிளப் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. 2021இல் பெரிய கிளப்புகள் தனியாக ஐரோப்பிய சூப்பர் லீக் தொடங்க முயன்றபோது ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். அதைத் தொடர்ந்து முன்னாள் விளையாட்டு அமைச்சர் டிரேசி கிரவுச் தலைமையில் நடந்த ஆய்வு, கால்பந்துக்குத் தனி ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்றது. 2025இல் அதற்கான சட்டம் நிறைவேறியது. அதன்படி கிளப்புகள் உரிமம் பெற வேண்டும், நிதித் திட்டத்தைக் காட்ட வேண்டும், உரிமையாளராக வருகிறவர் தகுதிச் சோதனைக்கு உட்பட வேண்டும், முக்கிய விஷயங்களில் ரசிகர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் சொந்த மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. எல்லண்ட் ரோடு கைமாறிய 2004இல் அப்படிக் கேட்க ஓர் அமைப்பு இல்லை.